அவசரமில்லாத அர்ப்பணம்: துறவு வாழ்வுக்குத் திருச்சபை ஏன் இத்தனை ஆண்டுகள் கேட்கிறது?

கடவுளுக்கென்றே வாழ்ந்துவிட வேண்டும் என்ற எண்ணம் ஒரு தியானத்தின் முடிவில் வரலாம். வீட்டில் ஒரு சாவு விழுந்த பிறகு வரலாம். பல ஆண்டுகள் உள்ளுக்குள் கிடந்து, ஒருநாள் மேலே வரலாம். எப்படி வந்தாலும், வந்த சூட்டோடு வார்த்தைப்பாடு, அதாவது துறவு வாழ்வுக்கான வாக்கு, கொடுத்துவிடக் கத்தோலிக்கத் திருச்சபையில் வழியில்லை. துறவு சபையில் சேர்ந்த ஒருவர் இறுதி வார்த்தைப்பாட்டை எட்டக் குறைந்தது நான்கு ஆண்டுகளாவது ஆகும்; நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே ஆகிறது. மடத்துக்குள்ளேயே அடைபட்டுச் செபத்தில் வாழும் கன்னியர் என்றால் ஒன்பதுக்குக் குறையாது. இதை அலுவலக மெத்தனம் என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் இது வேண்டுமென்றே போட்டுவைத்த தடுப்பு. 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத்தொகுப்பில் துறவு பற்றிய பகுதியைப் படித்துக்கொண்டே போனால் ஒரே கவலைதான் திரும்பத் திரும்பத் தலைகாட்டும்: இவர் தன் விருப்பத்தோடுதான் வருகிறாரா? மனம் மாறினால் போவதற்குக் கதவு திறந்திருக்கிறதா?

இந்தக் கவலை புதிதல்ல. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய மட ஒழுங்கின் 58-ஆம் அதிகாரம் முழுக்க இதைப் பற்றியதுதான். புதிதாக வருபவருக்கு எளிதில் இடம் தரக் கூடாது. நான்கைந்து நாள் வாசலில் நின்று தட்டட்டும். பிறகு சில நாள் விருந்தினர் அறையில் இருக்கட்டும். அதன் பிறகே பயிற்சி. இரண்டு மாதம் கழித்து மட ஒழுங்கு முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். இதைக் கடைப்பிடிக்க முடியும் என்றால் இரு, முடியாது என்றால் தாராளமாகப் போ என்று சொல்ல வேண்டும். ஆறு மாதம் கழித்து இன்னொரு வாசிப்பு, அதற்கு நான்கு மாதம் கழித்து மற்றொன்று. ஆகப் பன்னிரண்டு மாதங்கள். இன்றைய சட்டம் கேட்கும் பன்னிரண்டு மாதத்திற்கும் வேர் இங்கேதான். வார்த்தைப்பாட்டை அவரே தம் கையால் எழுதிப் பீடத்தின்மேல் வைக்க வேண்டும். அவர் உடுத்தி வந்த துணியைக் களைந்து மடத்து உடையைப் போட்டுவிடுவார்கள். பழைய துணியைத் தூக்கி எறிவதில்லை. துணி அறையில் பத்திரமாக வைப்பார்கள், என்றாவது அவர் வெளியேற நேர்ந்தால் கொடுத்தனுப்ப. துணி திரும்பக் கிடைக்கும். எழுதிக் கொடுத்த ஏடு மட்டும் கிடைக்காது. அது மடத்திலேயே இருக்கும். மனிதரின் பலவீனத்துக்கு இடம் கொடுத்து, கொடுத்த வாக்கின் கனத்தையும் குறைக்காத ஏற்பாடு.

நாள்களைக் கணக்கிட்டு அர்ப்பணத்தை அளப்பது விவிலியத்திலேயே இருக்கிறது. எண்ணிக்கை நூல் 6-ஆம் அதிகாரத்தில் வரும் நாசீர் நேர்ச்சை, ஒருவர் தம்மைக் கடவுளுக்கெனத் தனித்து வைக்கும் வாக்கு, ஒரு குறிப்பிட்ட காலத்துக்கானது. அந்தக் காலத்தில் திராட்சை மது மட்டுமல்ல, திராட்சையின் விதையும் தோலும்கூடக் கூடாது. தலையில் கத்தி படக் கூடாது. தாய் தந்தை இறந்தாலும் பிணத்தின் அருகே போகக் கூடாது. பக்கத்தில் எவராவது திடீரென இறந்துவிட்டால் ஏழாம் நாள் தலையை மழித்து, எட்டாம் நாள் இரண்டு புறாக்களையும், பிறகு ஓராண்டு ஆட்டுக்குட்டி ஒன்றையும் கொண்டுவந்து காலத்தை மீண்டும் தொடக்கத்திலிருந்து எண்ண வேண்டும். கழிந்த நாள்கள் கணக்கில் வராது. அவர் தவறு ஏதும் செய்யவில்லையே என்று நமக்குத் தோன்றும். ஆனால் தனித்து வைக்கப்பட்ட காலம் என்பது முறியாத காலம் என்பதே அங்கே விதி. நவதுறவு எனப்படும், வார்த்தைப்பாட்டுக்கு முந்தைய பயிற்சிக் காலத்துக்கான இன்றைய சட்டத்திலும் இதே தர்க்கம் கண்டிப்பாக இயங்குவதைச் சற்று பின்னால் பார்க்கலாம்.

எல்லாரும் அர்ப்பணிக்கப்பட்டவர்களே என்றால்?

திருமுழுக்குப் பெற்ற எவரும் கடவுளுக்கென வேறுபிரிக்கப்பட்டவரே. உரோமையர் 12:1 உடலை உயிருள்ள பலியாகப் படைக்கச் சொல்வது மடத்தில் இருப்பவர்களிடம் மட்டுமல்ல. இதைப் பிடித்துக்கொண்டுதான் மார்ட்டின் லூத்தர் 1521-இல் மடத்து வார்த்தைப்பாடுகளை எதிர்த்து எழுதினார்: துறவைக் கொண்டு மீட்பைச் சம்பாதிக்கலாம் என்ற நினைப்பு நம்பிக்கையையே தகர்க்கிறது, மாற்ற முடியாத வாக்கு கிறிஸ்தவ சுதந்திரத்தைக் கட்டிப்போடுகிறது என்பது அவர் வாதம். வாதத்தில் சாரம் உண்டு. ஆனாலும் தம்மை முழுதாக அர்ப்பணிக்கும் தாகம் சீர்திருத்தச் சபைகளிலும் அடங்கிவிடவில்லை. 1836-இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் ஊரில் தியோடோர் ஃப்ளீட்னர் தொடங்கிய டீக்கன் சகோதரிகளின் இல்லமும், 1949 உயிர்ப்புப் பெருவிழாவில் ஏழு சகோதரர்கள் வாழ்நாள் வாக்குக் கொடுத்த பிரான்சின் தேசே குழுமமும் அதற்குச் சாட்சி.

கத்தோலிக்கப் புரிதலில் அர்ப்பண வாழ்வு திருமுழுக்குக்கு மேல் வைக்கும் இன்னொரு மாடி அல்ல. அதே அடித்தளத்தில் நின்று கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்னும் நற்செய்தி அறிவுரைகளைப் பொதுவில் ஏற்பது. அறிவுரை என்பதால் அது கட்டளை அல்ல. மத்தேயு 19:12-இல் விண்ணரசுக்காக மணம் துறப்பதைப் பேசும் இயேசு, ஏற்க முடிந்தவர் ஏற்கட்டும் என்றே முடிக்கிறார்.

துறவு சபை மட்டுமே வழி என்று நினைத்துத் தமக்கு ஒத்துவராத இடத்தில் போய்ச் சேர்பவர்கள் நிறைய. வழிகள் பல. பொது வார்த்தைப்பாடும் குழும வாழ்வும் உள்ளவை துறவு சபைகள். 1947-இல் திருத்தந்தை 12-ஆம் பயஸ் அங்கீகரித்த பொதுநிலை அர்ப்பண சபைகளில் இருப்பவர்கள் தம் வேலையில், தம் வீட்டில் இருந்தபடியே அறிவுரைகளை வாழ்கிறார்கள். அங்கே தொடக்கப் பயிற்சி இரண்டு ஆண்டுக்குக் குறையாது, முதல் இணைப்பு ஐந்து ஆண்டுக்குக் குறையாத தற்காலிக இணைப்பு. திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 603-ஆம் சட்டத்தின்படி தனித்துறவியர் மறைமாவட்ட ஆயரின் கையில் வாக்குக் கொடுத்து, தமக்கென வகுத்த வாழ்க்கை ஒழுங்கின்படி வாழ்வர். 604-ஆம் சட்டத்தின்படி கன்னியராக அர்ப்பணிக்கப்படும் பெண்கள் ஆயரால் தனிச் சடங்கில் அர்ப்பணிக்கப்படுகிறார்கள். இவர்களுக்கு மடம் இல்லை. சோற்றுக்கும் மருந்துக்கும் முதுமைக்கும் அவரவரே வழி பார்த்துக்கொள்ள வேண்டும். ஆன்மிக உற்சாகத்தில் இந்தக் கணக்கை மறந்துவிடக் கூடாது.

வாசலில் பார்க்கப்படுபவை

துறவு சபையில் முதல் கட்டம் ஆர்வநிலை, புகுமுகநிலை என்னும் அறிமுகக் காலங்கள். இவற்றின் நீளத்தைப் பொதுச் சட்டம் சொல்வதில்லை. தகுந்த தயாரிப்பின்றி யாரையும் ஏற்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு மீதியைச் சபைகளிடம் விடுகிறது. சபையை உண்மையில் அளந்து பார்க்க வேண்டிய கட்டம் இதுதான், இரு தரப்புக்கும்.

நவதுறவகத்தில் சேர்வதற்கு 643-ஆம் சட்டம் சில தடைகளை வைக்கிறது. 17 வயது நிறைவடையாதவர், மணவாழ்வு நீடிக்கும்போது கணவனோ மனைவியோ, வேறொரு சபையில் ஏற்கெனவே கட்டுப்பட்டவர், அப்படிக் கட்டுப்பட்டதை மறைத்தவர், வற்புறுத்தலாலோ பெரும் அச்சத்தாலோ ஏமாற்றினாலோ வந்தவர் — இவர்களைச் சேர்த்தால் அந்தச் சேர்க்கையே செல்லாது. அடைக்க முடியாத கடன் உள்ளவரைச் சேர்க்கக் கூடாது என்கிறது அடுத்த சட்டம். கடன்காரர்களிடமிருந்து ஒளிந்துகொள்ளும் இடம் அல்ல மடம். திருமுழுக்கு, உறுதிபூசுதல், மணக்கட்டில் இல்லாத நிலை ஆகியவற்றுக்கான சான்றிதழ்கள் வேண்டும். முன்பு வேறு சபையிலோ குருமடத்திலோ இருந்தவர் என்றால் அங்கிருந்து கடிதம் வேண்டும். இந்தக் கடிதம் கேட்கப்படாமல் போவதும், கேட்டும் வழவழவென ஒரு பதில் வருவதும் பின்னால் பெரிய சிக்கல்களுக்குத் தொடக்கமாகிவிடும்.

உடல்நலம், குணம், முதிர்ச்சி ஆகியவற்றை அறிய நிபுணர்களின் உதவியை நாடலாம். ஆனால் உளவியல் சோதனைக்கு ஆளை அனுப்பும்போது தனியுரிமையைக் காக்கும் 220-ஆம் சட்டம் குறுக்கே நிற்கும். என்ன சோதனை, முடிவை யார் பார்ப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். எல்லாருக்கும் சோதனை உண்டு, கையெழுத்துப் போடு என்று நீட்டும் தாள் ஒப்புதல் ஆகாது.

அந்தப் பன்னிரண்டு மாதங்கள்

நவதுறவு என்பது முழு அமைப்பின் அச்சாணி. சபையின் உச்சத் தலைமை எழுத்து மூலம் நிறுவிய இல்லத்தில், நவதுறவியர் குழுவோடு பன்னிரண்டு மாதம் இருந்தால்தான் அது செல்லும். பணி அனுபவத்திற்காக வெளியே கழிக்கும் மாதங்கள் இந்தப் பன்னிரண்டில் சேராது. மொத்தக் காலம் இரண்டு ஆண்டைத் தாண்டக் கூடாது.

விடுப்புக் கணக்கு நறுக்கென்றிருக்கும். இல்லத்திலிருந்து மொத்தம் மூன்று மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால், தொடர்ச்சியாகவோ விட்டு விட்டோ, நவதுறவே செல்லாது. புதிதாகத் தொடங்க வேண்டும். பதினைந்து நாளைத் தாண்டினால் அந்த நாள்களை ஈடுகட்ட வேண்டும். அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்கு இருபது நாள் போய்வந்த நவதுறவி பன்னிரண்டு மாதம் முடிந்த நாளிலேயே முதல் வார்த்தைப்பாடு கொடுக்கக் கூடாது. அந்த நாள்களை முதலில் ஈடுகட்ட வேண்டும். முதல் வார்த்தைப்பாட்டை முன்கூட்டி வைக்க அனுமதி உண்டு, ஆனால் பதினைந்து நாளுக்கு மேல் முடியாது. ஆகவே பயிற்சிப் பொறுப்பாளர் வருகைப் பதிவேட்டைத் தேதிவாரியாக வைத்திருப்பது நிர்வாக ஆசைக்காக அல்ல. ஆண்டுகள் கழித்து ஒருவரின் வார்த்தைப்பாடு செல்லுமா என்ற கேள்வி எழுந்தால் அந்தப் பதிவேடுதான் பேசும். நாசீரின் இழந்த நாள்களைப் போலவே இங்கும் நோக்கமும் இரக்கமும் கணக்கைத் திருத்தாது.

இந்த ஆண்டில் பெரும்பாலான இடங்களில் நிகழும் தவறு ஒன்றுதான்: வேலை. 652-ஆம் சட்டம் நவதுறவிகளை இப்பயிற்சிக்கு நேரடியாக உதவாத படிப்பிலும் பணியிலும் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. ஆனால் சபை நடத்தும் விடுதியில் ஆள் குறைவு, மருத்துவமனையில் இரவுப் பணிக்கு ஆள் இல்லை, "அவர்களும் பழகட்டுமே" என்று தொடங்கும். செபமும் மௌனமும் மட ஒழுங்கைக் கற்பதும் வேலை முடிந்து மிஞ்சிய நேரத்துக்குத் தள்ளப்படும். ஓய்வில்லாமல் ஓடிய நவதுறவிக்கு, தாம் எதற்காக வந்தோம் என்று நின்று யோசிக்கவே வாய்ப்புக் கிடைக்காமல் போய்விடும். அந்தக் கேள்வி ஏழெட்டு ஆண்டு கழித்து, இறுதி வார்த்தைப்பாடும் கொடுத்த பிறகு எழும்போது விலை மிக அதிகம்.

இரண்டாவது தவறு சத்தமில்லாமல் நடப்பது. தலைவியோ பயிற்சிப் பொறுப்பாளரோ ஆன்ம வழிகாட்டியாகவும் ஆகிவிடுவது. 630-ஆம் சட்டம், மனச்சான்றைத் திறந்து காட்டும்படி எந்த விதத்திலும் தூண்டக் கூடாது என்று தலைவர்களைத் தடுக்கிறது. உறுப்பினர் தாமாகவே நம்பிப் பேசினால் தடையில்லை. எதையும் மறைக்காதே, என்னிடம் சொன்னால்தான் உனக்கு நல்லது என்று தொடங்கினால் அது சட்ட மீறல். காரணம் எளிது: உன்னை வைத்துக்கொள்ளலாமா அனுப்பலாமா என்று வாக்களிக்கப்போகிறவரிடம் உன் உள்மனத்தைத் திறந்து வைத்தால், நீ திறப்பதும் நேர்மையாக இருக்காது, அவர் முடிவும் நேர்மையாக இருக்காது. துறவு சபைகளில் நடந்த பல அதிகார முறைகேடுகள் இந்தக் கோடு அழிந்த இடத்தில்தான் கிளைத்தன.

நவதுறவி எந்த நாளிலும், காரணம் சொல்லாமலே போகலாம், சபையும் அனுப்பலாம். சந்தேகம் நீடித்தால் ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம், அதற்கு மேல் முடியாது. "இன்னும் ஒரு வருடம் பார்ப்போம்" என்பது இரக்கம்போல் தெரியும். ஆனால் முடிவெடுக்கத் துணியாத தலைமை ஒருவரின் இளமையைத் தின்பது அது.

வாக்கும் அதன் பணக் கணக்கும்

முதல் வார்த்தைப்பாட்டுக்கு 18 வயது நிறைவாகியிருக்க வேண்டும். அது தற்காலிகமானது: மூன்று ஆண்டுக்குக் குறையாது, ஆறுக்கு மேல் போகாது, தேவைப்பட்டால் மொத்தம் ஒன்பது வரை நீட்டலாம். பல சபைகளில் ஆண்டுதோறும் புதுப்பிப்பார்கள். இறுதி வார்த்தைப்பாட்டுக்கு 21 வயது. 2018-இல் திருப்பீடம் (வத்திக்கான் தலைமை) வெளியிட்ட விதிமுறை அடைபட்ட மடத்துக் கன்னியருக்கு ஆர்வநிலை ஓராண்டு, புகுமுகநிலை ஓராண்டு, நவதுறவு இரண்டு ஆண்டு, தற்காலிக வார்த்தைப்பாடு ஐந்து ஆண்டு என்று வகுத்தது. தொடக்கத்தில் சொன்ன ஒன்பது ஆண்டு இப்படித்தான் கூடுகிறது.

ஏழ்மை வாக்கு பற்றித்தான் வெளியே அதிகத் தவறான புரிதல். சேர்ந்த அன்றே சொத்தெல்லாம் சபைக்குப் போய்விடும் என்று குடும்பங்கள் பதறும். பெரும்பாலான சபைகளில் அப்படியில்லை. 668-ஆம் சட்டம் மூன்று தனித்தனிச் செயல்களைக் கேட்கிறது. முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பைத் தாம் விரும்பும் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். அதிலிருந்து வரும் வருவாய் யாருக்குப் போக வேண்டும் என்று ஏற்பாடு செய்ய வேண்டும். இறுதி வார்த்தைப்பாட்டுக்கு முன்னராவது நாட்டுச் சட்டப்படி செல்லுபடியாகும் உயில் எழுத வேண்டும்.

ஒரு சகோதரியின் பெயரில் தந்தை வழியில் ஒரு வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீடு அவர் பெயரிலேயே இருக்கும். வாடகை வாங்குவதும் பழுது பார்ப்பதும் அண்ணன் பொறுப்பு. வாடகைப் பணம் தாயின் மருத்துவத்துக்கு என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அந்தப் பணத்தில் தமக்கென ஒரு கைபேசிகூட அவர் வாங்கிக்கொள்ள முடியாது. ஏற்பாட்டை மாற்ற வேண்டுமானாலும் தலைவியின் அனுமதி வேண்டும். அதே சகோதரி ஆசிரியராக வாங்கும் சம்பளமும் பின்னால் வரும் ஓய்வூதியமும் அப்படியல்ல, அவை சபைக்கு. பதிலுக்கு, அவருக்குத் தேவையானவற்றைத் தர 670-ஆம் சட்டம் சபையைக் கடமைப்படுத்துகிறது. முழுச் சொத்துரிமையையும் துறக்கும் வகைச் சபைகள் தனி. அங்கே பிற்பாடு சொத்து வாங்கும் தகுதியே போய்விடும்.

உயிலை வெள்ளைத்தாளில் எழுதி அலுவலகக் கோப்பில் வைத்துவிட்டு மறந்துவிடும் சபைகள் உண்டு. சாட்சிக் கையெழுத்தில்லாத உயில் நீதிமன்றத்தில் நிற்காத நாடுகளில் இது சகோதரியின் மரணத்துக்குப் பின் குடும்பத்துக்கும் சபைக்கும் இடையே வழக்கில் முடியும். ஒரு வழக்கறிஞரைப் பார்க்க ஆகும் ஒரு மணி நேரம் இதைத் தவிர்த்துவிடும்.

கீழ்ப்படிதலுக்கும் எல்லை உண்டு. சபையின் சட்டநூலுக்கு உட்பட்டுத் தலைவர் கட்டளையிடும்போதுதான் வாக்கு கட்டுப்படுத்தும் என்கிறது 601. தலைவரின் விருப்பு வெறுப்பெல்லாம் கடவுளின் சித்தம் ஆகிவிடாது. கற்பு வாக்கோ, இறுதியாகிவிட்டால் திருமணத்தையே செல்லாததாக்கும் தடையாகிறது.

சடங்கு திருப்பலியில் நற்செய்திக்குப் பிறகு நடக்கும். பெயர் சொல்லி அழைத்தல், கேள்விகள், புனிதர்கள் மன்றாட்டு மாலையின்போது தரையில் முகங்குப்புறக் கிடத்தல், வாக்கை வாசித்தல், அர்ப்பண ஆசி. வாக்கை எழுதிய தாளைப் பீடத்தில் வைத்துக் கையெழுத்திடும் வழக்கம் பெனடிக்ட் காலத்து ஏடு இன்றும் தொடர்வதைக் காட்டுகிறது.

வெளியேறும் வாசல்

தற்காலிக வாக்கின் காலம் முடிந்தவர் எவரிடமும் அனுமதி கேட்காமல் போகலாம். இறுதி வாக்குக் கொடுத்தவருக்குத் திருப்பீடமோ, ஆயரின் அதிகாரத்துக்கு உட்பட்ட மறைமாவட்ட உரிமைச் சபையாயின் ஆயரோ விலகல் அனுமதி தர வேண்டும். மிகக் கடுமையான காரணம் இருக்க வேண்டும். இடையில் யோசிக்க வேண்டும் என்றால் சபைக்கு வெளியே வாழ அனுமதி உண்டு. உச்சத் தலைவர் தரக்கூடிய அந்த அனுமதியின் வரம்பை மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக உயர்த்தினார் திருத்தந்தை பிரான்சிஸ், 2022-இல். சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பன்னிரண்டு மாதம் தொடர்ந்து திரும்பாதிருந்தால் தானாகவே நீக்கம் என்ற விதி 2019-இல் வந்தது.

நோயைப் பற்றிய விதி கவனிக்கத்தக்கது. வார்த்தைப்பாட்டுக்குப் பின் வந்த நோயால் ஒருவர் தகுதியற்றவர் என்று நிபுணர்கள் சொன்னால் அவர் வாக்கைப் புதுப்பிக்க மறுக்கலாம். ஆனால் அந்த நோய் சபையின் கவனக்குறைவாலோ சபையில் செய்த வேலையாலோ வந்தது என்றால் மறுக்கக் கூடாது. தற்காலிக வாக்கின் காலத்தில் மனநிலை பிறழ்ந்துவிட்டவருக்குப் புது வாக்கு எடுக்கத் தகுதி இல்லை. அதற்காக அவரை வெளியே அனுப்பவும் முடியாது.

வெளியேறுபவர் தாம் செய்த வேலைக்கு எதையும் கோர முடியாது என்கிறது 702. இருபது ஆண்டு ஆசிரியப் பணியின் சம்பளம் முழுவதும் சபைக்குப் போயிருந்தாலும் இதுதான் நிலை. அதே சட்டம் சபை நியாயத்தோடும் நற்செய்தி அன்போடும் நடக்க வேண்டும் என்றும் சொல்கிறது; தொகை எவ்வளவு என்று சொல்லவில்லை. இதனால் ஒரு சபை வீடும் ஓராண்டுச் செலவும் தரும், இன்னொன்று பேருந்துக் கட்டணத்தோடு அனுப்பும். வெளியேறுவோருக்கு என்ன தருவோம் என்பதைச் சபைகள் தம் ஒழுங்குநூலிலேயே எழுதி வைப்பது நல்லது. சேர விரும்புபவரும் அதை ஆர்வநிலையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்பதில் அவமரியாதை ஒன்றுமில்லை.

போனவர் திரும்பி வரவும் முடியும். நவதுறவை முடித்தோ வார்த்தைப்பாட்டுக்குப் பின்னரோ முறைப்படி விலகியவரை உச்சத் தலைவர் தம் ஆலோசனைக் குழுவின் சம்மதத்தோடு மீண்டும் ஏற்கலாம் என்கிறது 690-ஆம் சட்டம். நவதுறவை மறுபடி செய்ய வேண்டியதில்லை. தற்காலிக வாக்குக்கு முன் எவ்வளவு காலம் சோதித்துப் பார்ப்பது, இறுதி வாக்குக்கு முன் எவ்வளவு காலம் காத்திருப்பது என்பதை அந்தத் தலைவரே வரையறுப்பார்.